எடைக்குப் போட்டவர்கள்

பெரியப்பா இறந்து பதினோரு வருடம் கழித்து, அவர் அடிக்கடி சொல்லிவந்த ஒரு சொல்லை கோவாவில் ஒரு விமானத்தின் முன்னால் வைத்திருந்த பலகையில் படித்தேன். அலிஸே.

அவர் கடற்படையில் விமானங்களைப் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்தவர். எங்கள் உடன்குடிப் பக்கத்தில் முப்படையில் எதில் இருந்தாலும் பட்டாளத்துக்காரர்தான். அவரையும் அப்படித்தான் சொல்லுவோம். லீவில் வந்தபோதும், பிறகு ஓய்வுபெற்றுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோதும், அவருடைய பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் "அலிஸேயில இருந்தப்போ" என்று வந்து நிற்கும். அது கப்பலா, ஊரா, அவருடைய மேலதிகாரியா என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. மிலிட்டரி கேன்டீனிலிருந்து என்ன வாங்கிவந்திருக்கிறார் என்று மட்டும் தவறாமல் கேட்டோம்.

அப்படிக் கேட்காமல் விட்டதைப் பற்றிய வாக்குமூலம் இது. எங்கள் குடும்பத்திலிருந்து தொடங்குகிறேன். ஆனால் எங்கள் வீட்டோடு முடிகிற தவறு இல்லை இது. ஆகவே போகப்போக 'நாம்' என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது.

கடற்படையின் விமான அருங்காட்சியகம் டபோலிம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், போக்மாலோ கடற்கரைக்குப் போகும் சாலையில் இருக்கிறது. 1998 அக்டோபரில் திறந்தார்கள். மாடிக் கட்டடத்துக்குள் எஞ்சின்கள், டார்ப்பிடோக்கள், கப்பல் மாதிரிகள், படங்கள். வெளியே, வானம் பார்த்த வெளியில், நம் கடலுக்கு மேல் பறந்து ஓய்ந்த விமானங்களும் ஹெலிகாப்டர்களும் நிற்கின்றன. நாங்கள் பதினான்கு பேர் ஒரு வேனில் போயிருந்தோம். இருட்டுவதற்குள் கடற்கரைக்குப் போய்விட வேண்டும் என்று அருங்காட்சியகத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்கினோம். டிரைவர் அவசரப்படுத்தவில்லை. அந்தக் கணக்கைப் போட்டது நாங்கள்தான்.

அந்த அரை மணியில் செய்ததை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆளுக்கொரு விமானத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டோம். வீட்டுப் பையன் ஒருவனை விமானத்தின் சக்கரத்தில் ஏற்றி நிறுத்தினோம். அவன் ஏறியதில் உரிந்த பெயின்ட் செதில் அவனுடைய சட்டையில் ஒட்டியிருந்ததை உதறிவிட்டோம். எங்களில் ஒருவர் விமானத்தின் உடலை விரலால் தட்டிப் பார்த்து, "வெறும் தகரம்தான்" என்றார். மற்றவர்கள் தலையாட்டினோம். ஒரு பலகையைக்கூட யாரும் கடைசி வரி வரை படிக்கவில்லை. வேனுக்குத் திரும்பும்போதுதான் அந்தப் பெயர் என் கண்ணில் பட்டது. நின்று படிக்க நேரமில்லை. வேனில் ஹார்ன் அடித்தார்கள். அன்று கடற்கரையில் நான் எதையும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை டாக்ஸி பிடித்துத் தனியாகத் திரும்பிப் போனேன்.

அலிஸே பிரான்சில் பிரெகே நிறுவனம் கட்டிய விமானம். பெயருக்கு வியாபாரக் காற்று என்று பொருள். நீர்மூழ்கிகளைத் தேடிக் கண்டுபிடிப்பது அதன் வேலை. மூக்கில் சுழலி. உள்ளே மூன்று பேருக்கு இடம். கப்பலில் இடத்தை அடைக்காமல் மடித்துவைக்க வசதியான இறக்கை. வயிற்றுக்குள்ளிருந்து கீழே இறங்கும் ராடார். வாலடியில் ஒரு கொக்கி. கப்பல் தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியை அந்தக் கொக்கி பற்றிக்கொண்டால்தான் விமானம் நிற்கும், தவறினால் அதே வேகத்தில் மறுபடி எழும்பியாக வேண்டும், இல்லையென்றால் கடல். 1961-ல் விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பல் நம் கடற்படையில் சேர்ந்த காலத்திலிருந்து ஏறத்தாழ முப்பது வருடம் அலிஸே 310-ஆம் அணியில் பறந்தது. 1971 டிசம்பரில் பாகிஸ்தானோடு நடந்த போரில் விக்ராந்திலிருந்து எழும்பி வங்காள விரிகுடாத் துறைமுகங்களை இரவில் தாக்கியது. அதே மாதம் மேற்கே அரபிக்கடல் பக்கம் போன அலிஸே ஒன்றை எதிரி விமானம் சுட்டு வீழ்த்தியது. அதில் இருந்த மூன்று பேரும் திரும்பவில்லை.

அணி சிறியது. அந்த மூவரையும் பெரியப்பா முகம் பார்த்துப் பழகியிருப்பார். அவர்கள் ஏறிப்போன விமானத்தைக் கிளப்பிவிடுவதற்கு முன் சரிபார்த்த கைகளில் அவருடைய கையும் இருந்திருக்கலாம். ஒவ்வொரு மார்கழிப் பிறப்பையும் ஒட்டிச் சில நாள் அவர் யாருடனும் பேச மாட்டார். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று பெரியம்மா சுக்குக் காபி போட்டுக் கொடுப்பார். பனிதான் என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

அன்று காலை முழுவதும் ஒவ்வொரு விமானமாக நின்று பார்த்தேன். முந்தின நாள் நாங்கள் தகரம் என்று சொன்னது எவற்றை என்று ஒவ்வொன்றாகத் தெரியவந்தது.

சீலேண்ட் நீரிலும் நிலத்திலும் இறங்கக்கூடியது. 1953-ல் அது கொச்சிக்கு வந்து சேர்ந்தபோது நம் கடற்படைக்கென்று அமைந்த முதல் விமானம் அதுதான். பெல்ஃபாஸ்டில் மொத்தமே இருபத்தைந்து அளவில்தான் கட்டினார்கள். இன்று உலகில் எஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. பெல்ஃபாஸ்ட் பக்கத்தில் ஒன்று, பெல்கிரேடில் ஒன்று, கோவாவில் ஒன்று. கப்பல் பீரங்கிக்காரர்கள் சுட்டுப் பழகுவதற்காக நீண்ட கயிற்றில் இலக்கைக் கட்டி இழுத்துப் பறந்தது ஃபயர்ஃபிளை. பின்னால் குண்டுகள் பாய்ந்து வரும்போது வளையாமல் நேராகப் பறப்பது அதன் ஓட்டிக்கு விதித்த வேலை. எச்.டி-2 பெங்களூரில் வி. எம். காட்கே தலைமையில் வடிவமைக்கப்பட்டு 1951-ல் முதன்முதலில் பறந்த பயிற்சி விமானம். வெளிநாட்டு வரைபடத்தைப் பார்த்துக் கட்டாமல் நாமே வரைந்து நாமே பறக்கவிட்டது. சூப்பர் கான்ஸ்டலேஷனுக்கு நான்கு எஞ்சின், வாலில் மூன்று துடுப்பு. ஏர் இந்தியாவில் பயணிகளைக் கடல் கடந்து கொண்டுபோன இனம். பிறகு விமானப்படைக்குப் போய், 1976-ல் கடற்படைக்கு வந்து, அதே கடல்களைக் காவல் காத்தது.

சீ ஹாக், சீ ஹாரியர் இரண்டும் 'வெண்புலிகள்' என்ற 300-ஆம் அணியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்தவை. 1971 டிசம்பர் 4 அன்று விக்ராந்திலிருந்து எழும்பிய எட்டு சீ ஹாக்குகள் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் இருந்த காக்ஸ் பஜாரைத் தாக்கின. அப்போதே சீ ஹாக் பழைய விமானம். பிரிட்டிஷ் கடற்படை அதை முன்வரிசையிலிருந்து எடுத்துப் பத்து வருடம் ஆகியிருந்தது. நம்மிடம் இருந்தவற்றில் சில மேற்கு ஜெர்மனி பறக்கவிட்டு முடித்த பின் வாங்கியவை. விக்ராந்தின் கொதிகலன் ஒன்றில் விரிசல். கப்பலால் முழு வேகத்தில் ஓட முடியாது. விமானம் எழும்பத் தளத்தின் மேல் எதிர்க்காற்று வேண்டும். கப்பல் ஓடுகிற வேகத்தில்தான் அந்தக் காற்றில் பெரும்பகுதி கிடைக்கும். வேகம் குறைந்த கப்பல், வயதான விமானம். இரண்டையும் சண்டைக்கு நிற்க வைத்தவர்கள் தளத்துக்குக் கீழே, எஞ்சின் சூட்டில், கையில் ஸ்பேனரோடு இரவு பகலாக இருந்தவர்கள். போர் வென்ற கதையைச் சொல்லும்போது நாம் அவர்களிடம் வருவதே இல்லை. கப்பல்களின் பெயர் வரும், தளபதிகளின் பெயர் வரும். இறக்கையின் அடியில் மல்லாந்து படுத்து ஆணி முடுக்கியவனின் ஊர் எது என்று நாம் தேடிப் போனதில்லை. அந்த ஊர் நம் ஊராக இருந்தும்கூட.

திறந்த வெளியில் நிற்கும் விமானம் எப்படி அழிகிறது என்பதையும் நாம் தெரிந்துகொள்ளவில்லை. கோவாவில் வருடத்துக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மீதி மாதங்களில் வெயிலும் உப்புக்காற்றும். விமானத்தின் தோல் அலுமினியக் கலவை; அதைப் பிடித்து நிற்கும் ஆணிகளிலும் மூட்டுகளிலும் எஃகு இருக்கும். இந்த இரண்டு உலோகமும் தொடும் இடத்தில் உப்புநீர் தங்கினால் அலுமினியம் கரையத் தொடங்கும். ரிவெட் தலைகளைச் சுற்றி வெள்ளை மாவு பூத்திருந்தால் உள்ளே அரிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். தண்ணீர் வடிவதற்காக உடலின் அடியில் வைத்த சிறு துளைகளில் தூசி அடையும், குளவி கூடு கட்டும். பிறகு மழைநீர் உள்ளேயே நின்று ஊறும். ஓட்டியின் தலைக்கு மேலிருக்கும் கண்ணாடி மூடி வெயிலில் மங்கும். டயர் காற்றிழந்து வெடிப்பு விடும். மேலே எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் உள்ளே நடப்பது நிற்காது. பராமரிக்கிறவர்கள் இந்தப் பருவங்களோடு ஓயாமல் மல்லுக்கட்டுகிறார்கள். நாமோ சுரண்டிப் பெயர் எழுதினோம். இறக்கையில் தொங்கினோம். எங்கள் பக்கத்துப் பூங்கா ஒன்றில் நிற்கும் போர் விமானத்தின் காற்றுத் துளைக்குள் தண்ணீர் பாட்டில்களைத் திணித்துவிட்டு வந்தவர்களும் நம் பிள்ளைகள்தான். பார்த்தும் பேசாமல் கடந்தவர்கள் நாம்.

பறந்துகொண்டிருந்த காலத்தில் இதே விமானங்களைக் கடலுக்கு மேல் போய் வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவுவார்கள். உப்பு காய்வதற்குள் கழுவ வேண்டும். அதைப் பற்றி அங்கே படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. சிறுவயதில் திருச்செந்தூர்க் கடலில் குளித்துவிட்டு சைக்கிளில் வீட்டுக்கு வருவோம். பெரியப்பா வாசலிலேயே மறித்து சைக்கிளை வாங்கிக்கொள்வார். கிணற்றில் இறைத்த தண்ணீரை ஊற்றி, ரிம், செயின், ஸ்போக்ஸ் என்று ஒவ்வொன்றாகத் துடைப்பார். "உப்புப் பட்டா உடனே நல்ல தண்ணி காட்டணும்டா. மாட்டுக்குக் காட்டுற மாதிரி." அவருக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டு சாப்பிடப் போய்விடுவோம். எங்கே கற்ற பாடத்தைச் சொல்கிறார் என்று நாங்கள் யோசிக்கவில்லை. அவர் போன பிறகு அந்த சைக்கிள் மாட்டுத் தொழுவத்தில் சாய்ந்து கிடந்து, செயின் இறுகி, ரிம் ஓட்டை விழுந்து முடிந்தது.

அதைவிடப் பெரிய தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் இறந்த மறு வருடம் பழைய வீட்டை இடித்துக் கட்டினோம். மச்சில் அவருடைய டிரங்குப் பெட்டி இருந்தது. கறுப்புப் பெட்டி, மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் பெயரும் எண்ணும். உள்ளே பென்சிலால் எழுதிய நோட்டுப் புத்தகங்கள், ஆங்கிலத்தில் டைப் அடித்த தாள்கள், கப்பல் தளத்தில் முப்பது நாற்பது பேர் வெள்ளைச் சீருடையில் நிற்கும் படம், துணியில் சுற்றிவைத்த ஒரு அளவுக்கருவி. பென்ஷன் சம்பந்தமான தாள்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். மீதியைப் பெட்டியோடு பழைய இரும்புக்காரரிடம் போட்டோம். அவர் தராசில் வைத்து, காகிதத்துக்குத் தனி, தகரத்துக்குத் தனி என்று கணக்குப் பார்த்துக் காசு கொடுத்தார். 1971-ல் பெரியப்பா விக்ராந்தில் இருந்தாரா, கரையில் இருந்தாரா என்று இன்று பெரியம்மாவுக்கும் தெரியாது. அந்த நோட்டுகளில் இருந்திருக்கும். எங்கள் வீட்டில் ஒருவர் போரில் நின்ற நாட்களை நாங்கள் கிலோ கணக்கில் விற்றோம்.

நாடாகவும் நாம் அதைத்தான் செய்தோம். விக்ராந்த் 1997 ஜனவரியில் ஓய்வு பெற்று மும்பையில் மிதக்கும் அருங்காட்சியகமாக நின்றது. 2012-ல் அது மூடப்பட்டது. சிலர் வழக்குத் தொடுத்து உச்ச நீதிமன்றம் வரை போய்த் தடுக்கப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. 2014-ல் உடைக்கத் தொடங்கினார்கள். அந்த இரும்பில் ஒரு பங்கு உருகி மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்குக்குப் போனது. அடுத்து விராட். சீ ஹாரியர்களை ஏறத்தாழ முப்பது வருடம் சுமந்த கப்பல். 2017 மார்ச்சில் ஓய்வு பெற்று, 2020-ல் அலாங் கடற்கரைக்கு இழுத்துச் செல்லப்பட்டு உடைபட்டது. கப்பலைக் காப்பாற்றப் பெரும்பணம் வேண்டும் என்பதும், துருப்பிடித்த அடிப்பாகம் ஆபத்து என்பதும் உண்மை. ஆனால் பணம் வேண்டுமா, நாங்கள் தருகிறோம் என்று நம்மில் எத்தனை ஊர் உண்டியல் குலுக்கியது? செய்தியைப் படித்து, தாளை மடித்து, அதையும் ஒருநாள் எடைக்குப் போட்டோம். இன்று கோவாவில் நிற்கும் அலிஸேயும் சீ ஹாக்கும் சீ ஹாரியரும் இறங்கிய தளங்கள் உலகில் இல்லை. அந்தத் தளங்களுக்கு மிச்சமிருக்கும் சாட்சிகள் இந்த விமானங்களும், வயதாகிக்கொண்டிருக்கும் சில மனிதர்களும்தான்.

இதில் தமிழ்நாட்டுக்குத் தனிப் பொறுப்பு உண்டு. சோவியத் நாட்டிலிருந்து 1988-ல் கடற்படைக்கு வந்த டியு-142 கண்காணிப்பு விமானங்கள், 1992-லிருந்து 2017 மார்ச்சில் விடைபெறும் வரை அரக்கோணத்தில் ராஜாளி தளத்தில்தான் இருந்தன. நான்கு எஞ்சின்கள், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு சுழலிகள். கால் நூற்றாண்டு அந்தப் பேரிரைச்சல் நம் வானத்தில் கேட்டது. அவற்றில் ஒன்று அதே ஆண்டு டிசம்பரிலிருந்து விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. அந்த ஊர் மக்கள் ஏறி உள்ளே போய்ப் பார்க்கிறார்கள். நாமோ அரக்கோணத்தை ரயிலில் எத்தனையோ முறை கடந்திருக்கிறோம். அந்தத் தளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரிடமாவது போய் உட்கார்ந்து கேட்டிருக்கலாம். பத்திரிகையில் எழுதுகிறவனாகிய எனக்கு இந்தக் குற்றம் இரட்டிப்பு.

நின்று பார்ப்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு விடை குரோம்பேட்டையில் இருக்கிறது. சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியான எம்.ஐ.டி.யில், மாணவர்கள் பார்த்துப் படிப்பதற்காக, பறப்பிலிருந்து விலக்கிய இரண்டு பழைய விமானங்களை வைத்திருந்தார்கள். ராமேஸ்வரத்திலிருந்து வந்த அப்துல் கலாம் அங்கே மாணவர். மற்றவர்கள் விடுதிக்குப் போன பிறகும் அந்த விமானங்களின் அருகிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்ததை 'அக்னிச் சிறகுகள்' நூலில் அவரே நினைவுகூர்கிறார். வானூர்தித் துறையை அவர் தேர்ந்தெடுத்ததற்கு அவையும் காரணம். பறக்க முடியாத இரண்டு விமானங்கள் ஒரு படகுக்காரர் மகனை எவ்வளவு தூரம் கொண்டுபோயின என்பது நாடறிந்தது. அவர் போல கோவாவில் ஒரு சாயங்காலம் உட்கார விட்டிருந்தால் எங்கள் வேனில் வந்த ஏழு பிள்ளைகளில் ஒருத்தியாவது எதையாவது கண்டிருப்பாள். நாங்கள் அவர்களுக்கு அரை மணி கொடுத்து, அதிலும் படத்துக்கு நிற்கச் சொன்னோம்.

பெட்டி திரும்பி வராது. அந்தப் பழைய விக்ராந்தும் வராது. இனிச் செய்ய முடிந்தவை சில உண்டு. அந்தப் பிள்ளைகளை மறுபடி கோவாவுக்கு அழைத்துப் போகிறோம். இந்த முறை கடற்கரைக்கு நேரம் மிஞ்சினால் போவோம். போவதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு விமானத்தைப் பற்றிப் படித்துவந்து, அதன் முன் நின்று மற்றவர்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறோம். யாரும் எதிலும் ஏறக் கூடாது. அந்த விமானங்களைத் தொட்டு வேலை செய்தவர்கள் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்பதுதான் எல்லாவற்றிலும் அவசரமானது.

கோவாவிலிருந்து திரும்பியதும் எங்கள் தெருக் கடைசியில் இருக்கும் ஒரு அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். விமானப்படையில் இருபது வருடம் இருந்தவர், எழுபதைத் தாண்டியவர். நான் நோட்டுப் புத்தகத்தோடு திண்ணையில் உட்கார்ந்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு துண்டுத்தாளையும் பேனாவையும் எடுத்து வைத்துக்கொண்டார்.

"கேன்டீன்ல என்ன வேணும், சொல்லுங்க தம்பி. அடுத்த வாரம் போறேன்."

இத்தனை வருடத்தில் நாங்கள் அவர் வீட்டுப் படியேறியதெல்லாம் அதற்காகத்தான்.

"ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி. நீங்க எந்த விமானத்துல வேல பாத்தீங்க? அதைக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு உள்ளே போனார். கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது.